ஊரைக் கரைசேர்த்த கைகள் சொந்தப் பிள்ளைக்குச் சேமிக்கத் தயங்குவதேன்?

"உழைப்பதெல்லாம் செலவுக்கே போதவில்லை, இதில் சேமிப்பது எங்ஙனம்?" இக்கேள்வி ஒலிக்காத தமிழ் வீடு கனடாவில் அரிது எனலாம். ஸ்காபுறோவிலும் மார்க்கத்திலும் பிரம்ரனிலும் ஒரே தொனியில் அது கேட்கிறது. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இக்கேள்விக்கு எதிராகச் சாட்சி சொல்ல வேறெவரும் வரவேண்டியதில்லை. கேட்பவரின் கடந்தகாலமே போதுமானது.

1983 யூலைக்குப் பின் வந்திறங்கிய தலைமுறையின் கணக்கைச் சற்றே திரும்பிப் பார்க்க வேண்டும். 1986 ஆகஸ்டில் நியூபவுண்லாந்துக் கரையோரத்தில் இரு உயிர்காப்புப் படகுகளில் மீட்கப்பட்ட 155 தமிழரைப் போல, உடுத்த உடையுடன் வந்தோரே அதிகம். பகலில் தொழிற்சாலை, இரவில் உணவகச் சமையலறை, வார இறுதியில் துப்புரவுப் பணி என மூன்று சம்பளங்களை ஒரே உடலால் உழைத்தவர்கள் அவர்கள். நால்வர் ஒரே அறையில் படுத்தெழுந்து, ஒரு பானைச் சோற்றைப் பகிர்ந்துண்டு, தம்பியை அழைப்பதற்கான 'ஏஜென்சிக் காசை'ச் சேர்த்தார்கள். அதற்குப்பின் தங்கையின் சீதனம். அதற்குப்பின் ஊரில் உடைந்த வீட்டுக்குக் கூரை, கொழும்பில் தங்கியிருந்த தாய்க்கு மாத வாடகை. அன்றைய குறைந்தபட்சக் கூலியில் இவையனைத்தும் நிறைவேறின!

எவரும் இதனை நிதித் திட்டமிடல் என்று அழைக்கவில்லை. ஆனால் ஒரு சேமிப்பு இலக்குக்கு வேண்டிய மூன்றும் அதில் இருந்தன: ஒரு பெயர், ஒரு தொகை, ஒரு திகதி. தம்பி என்ற பெயர். முகவர் கேட்ட தொகை. அவன் சுற்றிவளைப்பில் பிடிபடுமுன் என்ற திகதி. இம்மூன்றும் இருந்தமையால் மாத முடிவில் மிஞ்சுவதைச் சேர்ப்போம் என்று ஒருவரும் காத்திருக்கவில்லை. சம்பளம் கைக்கு வந்த அன்றே அந்தப் பங்கு ஒதுங்கியது. எஞ்சியதில் வயிறு நிரம்பியது, அல்லது அரைவயிறாகக் கிடந்தது.

ஆகவே, தமிழருக்குச் சேமிக்க இயலாது என்பது பொய். இயலாமற் போனது சேமிப்பு அன்று. இலக்கு வைக்கும் பழக்கமே கைநழுவிப் போயிற்று. இதற்குச் சான்று வேண்டுமெனில், எட்டு வயதுப் பிள்ளையின் பெற்றோரிடம் இரு கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். பிள்ளை பல்கலைக்கழகம் புகும் ஆண்டு எது, அதற்கு எவ்வளவு தேவை, இதுவரை எவ்வளவு சேர்ந்துள்ளது என்பது முதற்கேள்வி. "அதற்கு இன்னும் காலம் இருக்கிறது, பார்ப்போம்" என்பதே பெரும்பாலும் வரும் பதில். விழா மண்டபத்தில் ஒரு தலைக்குச் சாப்பாடு எவ்வளவு என்பது இரண்டாவது கேள்வி. இதற்குச் சதம் பிசகாத விடை உடனே வரும், மேடை அலங்காரமும் காணொளிக்காரரும் புறம்பு என்ற விளக்கத்துடன்.

சாமத்திய வீட்டையோ பிறந்தநாளையோ கொண்டாடக் கூடாதென்று எவரும் சொல்லவில்லை. அந்நிய மண்ணில் உறவுகள் கூடுவதற்கு அவையும் ஒரு வழி. ஆனால் கடன்பட்டுக் கொண்டாடுவதன் விலை என்ன என்பதைக் கணக்கிடாமல் விடுவதே இங்கு குற்றச்சாட்டு. ஒரு விழாவுக்காக 30,000 டொலரை 10 சதவீத வட்டிக்கு ஐந்தாண்டுத் தவணையில் ஒரு குடும்பம் கடன் எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். மாதாந்தத் தவணை ஏறத்தாழ 637 டொலர். ஐந்தாண்டு முடிவில் கட்டி முடித்த தொகை 38,200 டொலருக்கு மேல். அன்பளிப்பு உறைகளில் வந்தது ஈடுசெய்யும் என்று சமாதானம் சொல்வோர், அதுவும் திருப்பிக் கொடுக்க வேண்டிய கடனே என்பதை நன்கறிவர். யார் எவ்வளவு வைத்தார் என்று எழுதிவைத்த கொப்பியே அதற்குச் சாட்சி.

அந்த 637 டொலரை மனத்தில் இருத்திக்கொண்டு அடுத்த கணக்குக்குச் செல்லலாம்.

'ஆர்.இ.எஸ்.பி.' எனச் சுருக்கமாக அறியப்படும் பதிவுசெய்யப்பட்ட கல்விச் சேமிப்புத் திட்டத்தில் பெற்றோர் இடும் பணத்துக்குக் கனேடிய அரசு 1998 முதல் மானியம் வழங்கி வருகிறது. இன்றைய விதிப்படி, ஒரு பிள்ளைக்கு ஆண்டொன்றுக்கு இடும் முதல் 2,500 டொலருக்கு 20 சதவீதம், அதாவது 500 டொலர் அரசின் பங்கு. பிள்ளை 17 வயதை அடையும் ஆண்டின் இறுதிவரை, மொத்தமாக 7,200 டொலர் வரை இது கிடைக்கும். அம்முழுத் தொகையையும் பெறுவதற்குப் பெற்றோர் இடவேண்டியது 36,000 டொலர். வட்டியோ வேறு வருவாயோ ஒரு சதமும் சேராவிட்டாலும் கையில் இருப்பது 43,200 டொலர்.

ஆண்டுக்கு 2,500 டொலர் என்பது மாதத்துக்கு 208 டொலர். இரு வாரங்களுக்கு ஒருமுறை சம்பளம் பெறுவோருக்கு ஒவ்வொரு சம்பளத்திலும் 96 டொலர். மேற்சொன்ன விழாக் கடனின் மாதத் தவணையான 637 டொலரால் மூன்று பிள்ளைகளின் முழு மானியத்துக்கும் உரிய பங்கைக் கட்டியிருக்கலாம்! 2024-25 கல்வியாண்டில் கனடாவில் இளமாணிப் படிப்பின் சராசரிக் கல்விக் கட்டணம் ஆண்டுக்கு 7,000 டொலருக்குச் சற்று மேல் எனக் கனேடியப் புள்ளிவிபரத் திணைக்களம் கூறுகிறது. பொறியியல், கணினி போன்ற துறைகளில் இது மேலும் கூடும். எனினும் வீட்டிலிருந்தே படிக்கும் ஒரு பிள்ளைக்கு 43,200 டொலர் நான்காண்டுக் கட்டணத்தைத் தாங்கும் என்பது வெள்ளிடைமலை.

இங்கே ஒரு வரலாற்று முரண் உண்டு. 1970களின் தொடக்கத்தில் இலங்கை அரசு கொணர்ந்த தரப்படுத்தல், தகுதியிருந்தும் தமிழ் மாணவர் பலருக்குப் பல்கலைக்கழகக் கதவை அடைத்தது. அந்த வடு ஆறாத சமூகம் இது. பிள்ளைகளின் படிப்புக்காகவே கடல் கடந்தோம் என்று மேடைதோறும் முழங்கும் சமூகமும் இதுவே. படிப்பதற்குக் காசு தருகிறேன், ஒரு கணக்கைத் திறவுங்கள் என்று ஓர் அரசு கேட்கிறது. கதவு திறந்திருக்கையில் வாசலில் நின்று மண்டபத்துக்கு முற்பணம் கட்டிக்கொண்டிருப்பதை என்னவென்று சொல்வது?

காலந்தாழ்த்துவோருக்கு அரசு ஓரளவு சலுகையும் வைத்திருக்கிறது. தவறவிட்ட ஆண்டுகளின் மானியத்தைப் பின்னர் பெறலாம். ஆனால் ஓராண்டில் 1,000 டொலருக்கு மேல் மானியம் வராது. இதன் பொருள் என்ன? ஒருபோதும் கணக்குத் திறவாத குடும்பம், பிள்ளை பத்து வயதை அடையும் ஆண்டில் தொடங்கி ஆண்டுக்கு 5,000 டொலர் இட்டு வந்தால், எட்டாவது ஆண்டின் சிறு பகுதியுடன் 7,200 டொலரையும் எட்டிவிடும். பதினொரு வயதில் தொடங்கினால் எஞ்சியிருப்பது ஏழே ஆண்டுகள். 7,000 டொலருக்கு மேல் கிட்டாது. முழுத் தொகையையும் பெறக்கூடிய கடைசி வாசல் பத்து வயது. பெண்பிள்ளைகளுக்கு மண்டபம் பதிவுசெய்யப்படும் வயதோ பன்னிரண்டு, பதின்மூன்று. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எதற்கு முதலில் பணம் தேடப்பட்டிருக்க வேண்டும் என்பது எந்தப் பெற்றோருக்கும் புரியும்.

96 டொலர் இயலாத குடும்பங்கள் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. வீட்டு வாடகையும் மளிகைச் செலவும் ஏறியிருக்கும் இக்காலத்தில் அவர்களின் சிரமம் உண்மையானது. ஆனால் அவர்களுக்கே அரசு கூடுதலாகக் கொடுக்கிறது என்பதுதான் பலரும் அறியாத செய்தி. வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு ஆண்டின் முதல் 500 டொலருக்கு மேலும் 10 அல்லது 20 சதவீதம் சேர்த்துத் தரப்படுகிறது. மாதம் 25 டொலர் போடும் குடும்பம் ஆண்டில் 300 டொலர் இடும். மிகக் குறைந்த வருமானப் பிரிவில் இருந்தால் அதற்கு 120 டொலர் மானியம் வரும். இதற்கும் மேலாக, 2004ஆம் ஆண்டிலும் அதன் பின்னரும் பிறந்த, குறைந்த வருமானக் குடும்பப் பிள்ளைகளுக்குக் கனடாக் கல்விப் பத்திரம் என்றொரு உதவி இருக்கிறது. தகுதியுள்ள முதலாண்டில் 500 டொலர், அதன்பின் தகுதியுள்ள ஒவ்வோர் ஆண்டுக்கும் 100 டொலர் என 15 வயதுவரை, மொத்தம் 2,000 டொலர் வரை அது சேரும். பெற்றோர் ஒரு சதமும் இடவேண்டியதில்லை. பிள்ளையின் சமூகக் காப்புறுதி இலக்கத்துடன் கணக்கைத் திறந்து விண்ணப்பித்தால் போதும். இதையும் எடுக்காமல் விட்டு, அரசு தமிழருக்கு என்ன செய்தது என்று கேட்பதில் பொருளில்லை.

பிறந்தநாளுக்கும் முப்பத்தோராம் நாளுக்கும் தங்கச் சங்கிலியோடு வரும் மாமாமாரும் சித்திமாரும் இவ்விடயத்தில் உதவலாம். பிள்ளைக்குக் கணக்கு இருப்பின், அதில் இடும்படி பெற்றோரிடம் ஒரு காசோலையைக் கொடுப்பதற்குத் தடையேதும் இல்லை. சங்கிலியை அளவு சிறுத்ததும் பெட்டகத்தில் வைப்பார்கள். காசோலைக்கோ 20 சதவீதம் கூடவே வரும்.

இனி, எங்களுக்குச் சீட்டு இருக்கிறதே என்று சொல்வோரின் வாதம். சீட்டை எள்ளி நகையாடுவது தவறு. வங்கி கடன் கொடுக்க மறுத்த காலத்தில் எத்தனையோ குடும்பங்களின் முதல் வீட்டுக்கு முற்பணம் தந்தது சீட்டுத்தான். அது ஏன் வெற்றி பெற்றது என்பதையும் கவனிக்க வேண்டும். மாதந்தவறாமல் குறித்த திகதியில் குறித்த தொகை கட்டியே ஆகவேண்டும். தவறினால் இருபது பேர் முன் மானம் போகும். பெயரும் தொகையும் திகதியும் அங்கும் இருந்தன. ஆனால் அவசரத்துக்குக் கழிவு கூறி எடுப்பவர் கொடுப்பது மறைமுக வட்டி. சீட்டுப் பிடிப்பவர் ஓரிரவில் காணாமற் போனால் முறையிடுவதற்கு ஒரு காகிதம்கூட இல்லை. வங்கி வைப்புக்கு இருப்பதுபோல் அரச காப்புறுதியும் இல்லை. பதினேழு ஆண்டுகள் தள்ளியிருக்கும் ஓர் இலக்கை, இருபது மாதத்தில் முடியும், மனிதர்மீதுள்ள நம்பிக்கையை மட்டுமே ஈடாகக் கொண்ட ஒன்றில் ஏற்றிவைப்பது அறிவுடைமை ஆகாது. சீட்டிலிருந்து எடுக்கவேண்டியது அதன் கட்டுப்பாட்டையே. சம்பளம் விழும் நாளிலேயே வங்கி தானாகப் பணத்தைக் கழித்து இலக்குக் கணக்கில் இடும்படி ஒருமுறை எழுதிக்கொடுத்தால், அக்கட்டுப்பாட்டை இருபது பேர் இல்லாமலேயே பெறலாம்.

வீடே எங்கள் சேமிப்பு என்போர் இன்னொரு சாரார். விலை ஏறிக்கொண்டே இருந்தவரை இவ்வாதத்துக்கு மறுமொழி சொல்வது கடினமாக இருந்தது. 2022 மார்ச்சில் 0.25 சதவீதத்திலிருந்து ஏறத்தொடங்கிய கனேடிய மத்திய வங்கியின் வட்டிவீதம் 2023 யூலையில் 5 சதவீதத்தைத் தொட்டபோது, மாறும் வட்டிக் கடன் எடுத்திருந்த குடும்பங்கள் பட்ட பாட்டை யாவரும் கண்டனர். வீடு வாழ்வதற்கு, அது செல்வமும்தான். ஆயினும் செப்ரெம்பரில் பல்கலைக்கழகம் கட்டணம் கேட்கும்போது ஓர் அறையை வெட்டி விற்க முடியாது. வீட்டை ஈடாகக் காட்டிப் பணம் எடுக்கலாம் என்பர். எடுப்பது சேமிப்பு அன்று, மீண்டும் ஒரு கடன்.

கடனட்டை நிலுவை உள்ள குடும்பம் என்ன செய்வது? இங்கு மூடத்தனமான உற்சாகம் கூடாது. 10,000 டொலர் நிலுவைக்கு 20 சதவீதம் வட்டி எனில் ஆண்டுக்கு 2,000 டொலர் வட்டிக்கே போய்விடும். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவந்தால் கடன் தீர எத்தனை ஆண்டாகும் என்பதை மாதக் கணக்கறிக்கையிலேயே அச்சிடவேண்டும் என்று 2010 முதல் சட்டம் இருக்கிறது. அந்த வரியை வாசித்தவர் எத்தனை பேர்? கல்வி மானியத்தைப் பின்னர் ஈடுசெய்ய வழியிருக்கிறது; கடனட்டை வட்டியை ஈடுசெய்ய வழியில்லை. எனவே சிறு பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு முதல் இலக்கு, அந்த நிலுவையை இன்ன மாதத்துக்குள் தீர்ப்பது என்பதாகவே இருக்கலாம். அதுவும் பெயரும் தொகையும் திகதியும் கொண்ட இலக்குத்தான். தீர்ந்த மறுமாதமே, அட்டைக்குச் சென்ற அதே தொகை பிள்ளையின் கணக்குக்குத் திரும்பவேண்டும். அந்த மாதத்தில் புதிய சோபாவுக்குத் திரும்புமாயின் எல்லாம் பாழ்.

தமிழிலேயே பேசி, தேநீர் அருந்தி, வரவேற்பறையில் கையொப்பம் வாங்கிச் செல்லும் விற்பனை முகவர்கள் குறித்தும் ஒரு வார்த்தை. கூட்டுப் புலமைப்பரிசில் திட்டங்கள் சிலவற்றில் முதல் ஆண்டுகளில் கட்டும் பணத்தின் கணிசமான பகுதி பதிவுக் கட்டணமாகக் கழிந்துவிடும். இடையில் தவணை தவறினாலோ விலகினாலோ அக்கட்டணமும் வருவாயும் கைவிட்டுப் போகலாம். அதே அரச மானியத்தைச் சாதாரண வங்கியிலோ கடன் சங்கத்திலோ திறக்கும் கணக்கிலும் பெறலாம் என்பதை முகவர் சொல்லமாட்டார். அத்தகைய திட்டத்தில் சேர்ந்து 60 நாட்களுக்குள் விலகினால் கட்டிய பணம் முழுவதும் திரும்பக் கிடைக்கும்.

பிள்ளை படிக்காமற் போனால் பணம் அரசுக்குப் போய்விடுமாமே என்ற அச்சம் பரவலாக உண்டு. போவது அரசு கொடுத்த மானியம் மட்டுமே. பெற்றோர் இட்ட பணம் வரியின்றிப் பெற்றோருக்கே திரும்பும். வருவாயை, நிபந்தனைக்கு உட்பட்டு, ஓய்வூதியச் சேமிப்புக் கணக்குக்கு மாற்றவும் இடமுண்டு. அன்றியும் திட்டத்தை 35 ஆண்டுகள் வரை வைத்திருக்கலாம். தொழிற்பயிற்சிக் கல்லூரிகளும் இதில் அடங்கும். மருத்துவரும் பொறியியலாளரும் ஆகாத பிள்ளை படிக்காத பிள்ளை என்று கருதும் பெற்றோருக்கே இவ்விளக்கம் தேவைப்படுகிறது.

இளையோரும் பெற்றோரைக் குறைசொல்லித் தப்பிவிட முடியாது. முதற் சம்பளம் வந்த மாதமே நான்காண்டுக் குத்தகையில் கார் எடுக்கும் பழக்கம், மண்டபச் செலவின் அடுத்த தலைமுறை வடிவமே அன்றி வேறில்லை. கைத்தொலைபேசியில் பங்கு வாங்கி விற்பதைச் சேமிப்பு என்று சாதிப்போரும் உளர். இரண்டாண்டில் தேவைப்படும் பணத்தைச் சந்தையின் ஏற்றத்தாழ்வில் விடலாகாது. இருபதாண்டுப் பணத்தை வட்டியில்லாக் கணக்கில் உறங்கவிடலும் ஆகாது. பணத்தை எங்கே வைப்பது என்பதை இலக்கின் திகதியே தீர்மானிக்கும். முதல் வீடு வாங்கும் எண்ணமுள்ளோருக்கு 2023 ஏப்ரல் முதல் தனியான சேமிப்புக் கணக்கு நடைமுறையில் உள்ளது. ஆண்டுக்கு 8,000, மொத்தம் 40,000 டொலர் வரை இடலாம். இடும்போது வரிக்கழிவு, வீடு வாங்க எடுக்கும்போது வரியில்லை. மாதம் 667 டொலர் வீதம் ஐந்தாண்டு. பெற்றோர் வீட்டில் வாடகையின்றி இருக்கும் பட்டதாரிக்கு அது எட்டாத தொகை அன்று.

பிரித்தானியாவில் வளர்ந்த தமிழ் இளையோர் சிலருக்கோ, சேமிக்காமலே சேர்ந்த பணம் காத்திருக்கக்கூடும். 2002 செப்ரெம்பர் 1 முதல் 2011 ஜனவரி 2 வரை அங்கு பிறந்த பிள்ளைகளுக்காக அந்நாட்டு அரசு சிறுவர் நம்பிக்கை நிதியம் என்ற கணக்கைத் திறந்து ஆரம்பத் தொகையும் இட்டது. பெரும்பாலோருக்கு அது 250 பவுண். 18 வயதானதும் உரியவர் கேட்டுப் பெறவேண்டும். ஆறு இலட்சத்துக்கும் அதிகமான இளையோர் இன்னும் கேட்கவில்லை என 2024இல் அந்நாட்டு வரித் திணைக்களம் அறிவித்தது. அன்று வந்த கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது என்பதற்காகப் பெற்றோர் பிரிக்காமலே வைத்திருந்த வீடுகளும் இவற்றில் இருக்கக்கூடும். அரச இணையத்தளத்தில் தேசியக் காப்புறுதி இலக்கத்தைக் கொண்டு கணக்கு எங்குள்ளது என இலவசமாகக் கண்டறியலாம். அதற்கென எவருக்கும் கட்டணம் கொடுக்க வேண்டியதில்லை.

கனடாவில் இவ்வாண்டு 15 வயதை அடையும் பிள்ளைகளின் பெற்றோருக்கு டிசம்பர் 31 ஒரு வேலி. அன்றைக்குள் அப்பிள்ளையின் கணக்கில் மொத்தம் 2,000 டொலராவது இடப்பட்டிருக்க வேண்டும். அல்லது ஏதேனும் நான்கு ஆண்டுகளில் ஆண்டுக்கு 100 டொலராவது இடப்பட்டிருக்க வேண்டும். இரண்டும் இல்லையெனில் 16, 17 வயதுகளில் எவ்வளவு பணம் இட்டாலும் மானியம் வராது. பெற்றோர் விண்ணப்பிக்காமலே விட்ட கல்விப் பத்திரத்தை, 18 வயதை எட்டிய பிள்ளை தானே கணக்குத் திறந்து, 21ஆவது பிறந்தநாளுக்கு முந்தைய நாள்வரை கேட்டுப் பெறலாம்.